பழைய பில்லிங் மெஷின் வாங்கலாமா?

கேள்வி: காங்கேயத்திலிருந்து, 11 நவம்பர் 2025

அக்கா, காங்கேயம் பஸ் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி நாற்பது பேர் உட்காரும் அளவில் ஒரு மெஸ் திறக்கப் போகிறேன். தை பிறந்ததும் பால் காய்ச்சுவதாகத் திட்டம். கோவையில் மூடிவிட்ட ஓர் உணவகத்தின் பில்லிங் சாமான்கள் விலைக்கு வந்திருக்கின்றன. டச் ஸ்கிரீன் மெஷின் இரண்டு, பிரின்டர் மூன்று, கல்லாப்பெட்டி இரண்டு, மென்பொருளும் சேர்த்து அறுபதாயிரம் சொல்கிறார் தரகர். கொண்டுபோய் மின்சாரம் கொடுத்தால் மறுநாளே வியாபாரம் பார்க்கலாம் என்கிறார். பழையது வாங்கினால் நட்டம்தான் என்கிறார் மச்சான். யார் பேச்சைக் கேட்பது?

11 நவம்பர், இரவு

தம்பி, இரண்டு பேர் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பிரின்டர் வாங்கலாம். பழைய கல்லாப்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டச் ஸ்கிரீன் மெஷின் என்கிற கணினியை வயது பார்த்து வாங்கலாம். மென்பொருளை மட்டும் வாங்கவே கூடாது. அதற்கு எவ்வளவு விலை போட்டிருக்கிறார் என்று தரகரிடம் கேட்டு, அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குங்கள். விவரம் நாளை எழுதுகிறேன். எங்கள் மெஸ் கல்லாவில் ஆட்கள் நிற்கிறார்கள்.

12 நவம்பர்

மென்பொருளை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், உரிமம் பழைய முதலாளியின் பெயரில், அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் இருக்கும். பழைய வகை மென்பொருள் என்றால் மெஷினின் பின்னால் பென் டிரைவ் போல ஒரு டாங்கிள் செருகியிருக்கும். அது தொலைந்தால் மென்பொருள் திறக்காது. இப்போதைய வகை என்றால் ஆண்டுச் சந்தா. கடையை மூடிய பிறகும் சந்தா முடியும் நாள்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தரகர் உங்கள் முன்னால் திறந்து காட்டி ஒரு பில்லும் போட்டுத் தந்தால் அதில் எதுவும் நிரூபணம் ஆகாது. சந்தா முடியும் தேதியைக் கேளுங்கள். உரிமத்தை உங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாக அந்த மென்பொருள் நிறுவனமே எழுத்தில் கொடுத்தால் பேசலாம். தரகர் வாயால் சொல்வது போதாது.

13 நவம்பர்

இன்று பிரின்டர். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பழையதில் நல்ல பேரம் அமைவதும் இங்கேதான்.

முதலில் கணினியோடு இணைக்காமலே சோதியுங்கள். பிரின்டரை அணைத்துவிட்டு, பேப்பரைத் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தைப் போடுங்கள். எப்சன் டி.எம். வரிசையிலும் அதைப் பின்பற்றிச் செய்த பல பிரின்டர்களிலும் இப்படிச் செய்தால் சுயபரிசோதனைத் தாள் வெளியே வரும். அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எழுத்துகளின் குறுக்கே மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுகிறதா? ஓடினால், தாளைச் சூடாக்கி எழுத்தை வரவைக்கும் அச்சுத்தலையின் புள்ளிகளில் அந்த இடத்துப் புள்ளி அழுக்கேறியிருக்கிறது அல்லது செத்துப்போயிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் தலையைத் துடைத்து, காய விட்டு, மறுபடி அச்சிடுங்கள். கோடு மறைந்தால் அழுக்கு. அதே இடத்தில் அப்படியே நின்றால் புள்ளி போய்விட்டது. தலையை மாற்றும் செலவைக் கேட்டால் புதிய பிரின்டரே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

அடுத்து மூடியைத் திறந்து கறுப்பு ரப்பர் உருளையை நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சம் குழைய வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இறுகியிருந்தால் பேப்பர் வழுக்கும். பில்லின் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பிறகு வெட்டும் கத்தி. ஒரு பில் வெட்டினால் தெரியாது, தொடர்ந்து முப்பது நாற்பது பில் அடிக்கச் சொல்லுங்கள். சூடேறிய பிறகுதான் கத்தி சிக்குகிறதா என்பது தெரியும். சில மாடல்களில் அச்சுத்தலை எவ்வளவு ஓடியிருக்கிறது, கத்தி எத்தனை முறை வெட்டியிருக்கிறது என்பதை பிரின்டரே எண்ணி வைத்திருக்கும். அந்த நிறுவனத்தின் பராமரிப்பு மென்பொருளை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு போனால் படிக்கலாம். கண்ணபுரம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாட்டுக்கு விலை பேசுவதில்லை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, பின்னால் என்ன துவாரம் இருக்கிறது என்று பாருங்கள். யூ.எஸ்.பி. அல்லது லேன் (நெட்வொர்க் கேபிள்) துவாரம் இருந்தால் நல்லது. ஒன்பது முனை சீரியல் துவாரம் மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

14 நவம்பர்

சீரியல் துவார பிரின்டரையும், சீரியலை யூ.எஸ்.பி.யாக மாற்றும் கேபிள் போட்டு ஓட்டலாம் என்று ஈரோட்டு நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஓட்டலாம்தான். அவர் கடையில் கல்லாவில் ஒரே ஒரு கணினி, அது அசையாமல் ஒரே இடத்தில் இருக்கிறது, அதனால் ஓடுகிறது. நாளைக்கு சப்ளையர் கையில் டேப்லெட் கொடுத்து ஆர்டர் எடுக்க வேண்டும் என்று நினைத்தால் லேன் பிரின்டர்தான் தோது. காங்கேயத்துத் தம்பிக்கு இளவயது, கடை வளரும் என்ற நம்பிக்கையில் சொன்னேன்.

17 நவம்பர், கார்த்திகை முதல் நாள்

இன்று காலை முதல் கறிச்சோறு கேட்பவர்கள் பாதியாகக் குறைந்துவிட்டார்கள். மாலை போட்டவர்கள் வீட்டிலும் அசைவம் கிடையாது. கொங்கு நாட்டு அசைவ மெஸ்களுக்கு இது மந்தமான மாதம், மெஷின் மாற்றுவதற்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. தைக்குத் திறக்கிறவர் மார்கழிக் கடைசியில் மெஷினைப் பிரித்துக்கொண்டு உட்காரக் கூடாது. இந்த வாரமே கோவைக்குப் போய்ப் பார்த்துவிடுங்கள் தம்பி.

19 நவம்பர்

கணினிக்கு வருகிறேன். டச் ஸ்கிரீன் மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் பிராசசர் பெயரைப் படியுங்கள். ஜே1900 என்று இருந்தால் அது 2013-இல் வந்த சிப். பில் போடும் வேலைக்கு அது திணறாது, ஆனால் விண்டோஸ் 11 அதில் அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே முடிந்தது. கடை மூடியவர்கள் மட்டுமல்ல, நன்றாக நடக்கும் கடைக்காரர்களும் இந்தக் காரணத்தால் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். சந்தையில் சரக்கு நிறைய இருக்கிறது, ஆகவே சொன்ன விலைக்கு மசிய வேண்டாம்.

இணையத்தோடு சேர்க்காமல் தனியாக ஓட்டுவதாக இருந்தால் பழைய விண்டோஸே கூடப் போதும். ஆனால் இன்று பாதி வியாபாரம் யூ.பி.ஐ., மீதியில் ஒரு பங்கு ஆன்லைன் ஆர்டர். இணையம் இல்லாமல் எத்தனை நாள் இருப்பீர்கள்?

சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் வாங்கிய அன்றே கழற்றி, சுழலும் பாகம் இல்லாத எஸ்.எஸ்.டி. போடுங்கள். அதைவிட முக்கியம் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி. சி.ஆர்.2032 என்ற எண், எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். எங்கள் மெஸ்ஸில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜவுளிச் சந்தைக்கு வந்த வெளியூர் வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தபோது, பில்லில் தேதி 2012 என்று வந்தது. முதல் நாள் இரவு மின்சாரம் போயிருக்கிறது, உள்ளே பேட்டரி செத்திருக்கிறது, கடிகாரம் தொடக்கத்துக்குத் திரும்பிவிட்டது. வாடிக்கையாளர் ஒருவர் காட்டும்வரை யாரும் கவனிக்கவில்லை. ஜி.எஸ்.டி. விதிப்படி ரசீது எண் வரிசை மாறாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல், பதினாறு எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். அந்த மென்பொருளோ நிதியாண்டு மாறிவிட்டதாக நினைத்து எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த நாளைச் சரிசெய்யப் பட்ட பாடு பேட்டரி விலையோடு ஒப்பிட முடியாதது.

20 நவம்பர்

பல்லடத்திலிருந்து கேட்கிறார்கள்: விரல் வைத்தால் வேறு இடத்தில் பதிகிறதாம். அழுத்தினால் பதியும் ரெசிஸ்டிவ் வகைத் திரையாக இருக்கும், அளவு திருத்தம் செய்தால் சரியாகும். எண்ணெய்க் கையோடு வருகிறவர்களுக்கு அந்த வகையே நல்லது.

22 நவம்பர்

தம்பி மூன்று பிரின்டரையும் தெர்மல் என்கிறார். ஒன்றை அடுக்களையில் வைக்கப் போகிறாராம். யோசித்துச் செய்யுங்கள். தெர்மல் தாள் சூட்டில்தான் எழுத்தைக் காட்டுகிறது. பரோட்டாக் கல்லின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் தாள் முழுவதும் கறுத்து, எது முட்டை பரோட்டா, எது வீச்சு என்று மாஸ்டருக்குத் தெரியாமல் போகும். அடுக்களைக்கு ரிப்பன் வைத்து ஊசியால் அடிக்கும் பழைய வகை பிரின்டர்தான் ஏற்றது. எப்சன் டி.எம்.-யு220 இன்றும் நிறைய அடுக்களைகளில் இருக்கிறது. ரிப்பனுக்கு ஈ.ஆர்.சி.-38 என்று கேட்டு வாங்க வேண்டும். அது கரகரவென்று சத்தம் போடும். புகைபோக்கி விசிறியும் கொத்து பரோட்டாவும் சேர்ந்து இரையும் இடத்தில் புது ஆர்டர் வந்திருக்கிறது என்று மாஸ்டரைத் திரும்பிப் பார்க்க வைப்பது அந்தச் சத்தம்தான். புதிதாக வாங்கினால் விலை கூடுதல். பழையதில் குறைவாகக் கிடைக்கிறது. பழையதை மனதாரப் பரிந்துரைப்பேன் என்றால் இந்த ஒன்றைத்தான்.

26 நவம்பர்

முதல் நாள் கல்லாப்பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எழுதியிருந்தேன். சாவி இருந்தால் மட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டி திறப்பது பிரின்டர் அனுப்பும் மின்துடிப்பால். டெலிபோன் பின் போன்ற ஒரு முனை பிரின்டரின் பின்னால் போகும். மின்சாரம் போய் யூ.பி.எஸ்ஸும் தீர்ந்துவிட்டால் சாவியால்தான் திறக்க வேண்டும். பழைய பெட்டிகள் பாதிக்கு மேல் சாவி இல்லாமல்தான் வருகின்றன. உள்ளே நோட்டுத் தட்டில் அழுத்தும் கம்பிகள் உடைந்திருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

29 நவம்பர்

இதைப் படிப்பவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டும். பழைய மெஷினுக்குள் பழைய கடை உயிரோடு இருக்கிறது.

கோபிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் பேக்கரியோடு சேர்ந்த டீக்கடைக்குப் பழைய செட் எடுத்தார். பில்லின் தலையில் கடைப் பெயரை மாற்றினார்கள். கீழே இருந்த ஜி.எஸ்.டி. எண்ணை மாற்றவில்லை. அது 32 என்று தொடங்கியது. தமிழ்நாட்டு எண் 33-இல்தான் தொடங்கும், 32 கேரளம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த மெஷின் என்று அப்போதுதான் புரிந்தது. அதைவிடப் பெரிய விஷயம் பில்லின் அடியில் அச்சான கியூ.ஆர். கட்டம். வாடிக்கையாளர்கள் அதை ஸ்கேன் செய்து பணம் போட்டார்கள். போய்ச் சேர்ந்தது பழைய முதலாளியின் கணக்குக்கு. அவர் நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

முதல் பில் அடித்ததும் தலையிலிருந்து அடிவரை விரல் வைத்துப் படியுங்கள். கடைப் பெயர், ஜி.எஸ்.டி. எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண், கியூ.ஆர். எல்லாம் உங்களுடையதா என்று பாருங்கள். பெருநகர உணவகத்திலிருந்து வந்த மெஷினில் சேவைக் கட்டணம் தானாகச் சேரும்படி வைத்திருப்பார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பில்லிலிருந்து அந்தக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. தம்பி, உங்கள் மெஸ் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் ஜி.எஸ்.டி. முறை) பதிவாகுமானால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக ஒரு பைசாவும் வாங்கக் கூடாது. பழைய மெஷினோ சி.ஜி.எஸ்.டி. 2.5, எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 என்று பிரித்துப் போடும். ஆடிட்டரிடம் கேட்டு முதலில் இதை முடிவு செய்யுங்கள்.

வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்களும் உள்ளே இருக்கும். வீட்டு முகவரியோடு இருக்கும். அது நமக்குக் கிடைத்த விளம்பரப் பட்டியல் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த மக்கள் வேறொரு கடையை நம்பிக் கொடுத்த எண் அது. பெண்கள் கொடுத்த எண்ணும் அதில் இருக்கும். டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டுத்தான் மறுவேலை. விற்கிறவர்களும் அழித்துவிட்டு விற்க வேண்டும். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் வந்துவிட்டது.

2 டிசம்பர்

தமிழில் ஆர்டர் சீட்டு அடிக்குமா என்று கேட்கிறீர்கள். பெரும்பாலான பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. மென்பொருள் எழுத்தைப் படமாக வரைந்து அனுப்பினால்தான் அச்சாகும். பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். 'கொ' என்பது மூன்று துண்டாக நிற்கும். வாங்கும் முன் உங்கள் உணவுப் பட்டியலிலிருந்து 'பள்ளிப்பாளையம் சிக்கன்', 'கொத்து பரோட்டா' இரண்டையும் அடிக்கச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் அடுக்களையில் ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஓர் எண் வைத்துவிட்டோம். சீட்டில் தமிழ்ப் பெயரும் பக்கத்தில் பெரிதாக எண்ணும் வரும். மாஸ்டர் பெயரைப் படிக்கிறார், அவர்கள் எண்ணைப் படிக்கிறார்கள். ஆர்டர் மாறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

4 டிசம்பர்

கார்டு தேய்க்கும் மெஷினும் அதே தரகரிடம் மலிவாக இருக்கிறதாம். வேண்டவே வேண்டாம். அது வங்கியின் சொத்து, வேறொரு வணிகரின் கணக்கோடு கட்டப்பட்டது. உங்கள் வங்கியில் கேட்டால் அவர்களே தருவார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அங்குள்ள டோஸ்ட், குளோவர் நிறுவனங்களின் பில்லிங் மெஷின்களை மலிவாக வாங்கி அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அவை அந்தந்த நிறுவனத்தின் சேவையோடு பூட்டப்பட்டவை. இங்கே வந்தால் மேசைமேல் வைத்துப் பார்க்கத்தான் ஆகும்.

9 டிசம்பர்

கோவை நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் பார் பார்த்துக்கொள்ளும் ஒருவர் எழுதுகிறார்: உணவக மென்பொருளோடு பழைய செட் வந்தால் பாருக்கு ஆகுமா? மெஷின் ஆகும், கணக்கு ஆகாது. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநிலத்தின் வாட் வரி. உணவுக்கு ஜி.எஸ்.டி. ஒரே மேசைக்கு இரண்டு வரியும் பிரிந்து வர வேண்டும். அதோடு ஒரு பாட்டிலைத் திறந்தால் 30 மி.லி., 60 மி.லி. என்று இருப்பிலிருந்து கழிந்துகொண்டே வர வேண்டும். ஹோட்டல் பாருக்கான எஃப்.எல்.3 மது உரிமத்தில் இருப்புக் கணக்கு தவறினால் விளையாட்டல்ல. பாருக்கென்று எழுதிய மென்பொருளைப் புதிதாக வாங்குங்கள்.

இந்தக் கல்லா மெஷின் பிறந்ததே ஒரு மதுக்கடையில்தான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அமெரிக்காவின் டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி, பணியாட்கள் காசை எடுத்துவிடுகிறார்கள் என்று மனம் நொந்து, 1879-இல் தம் சகோதரரோடு சேர்ந்து விற்பனையைப் பதிவு செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நம் ஊரில் கல்லாவில் சொந்தக்காரரே உட்கார வேண்டும் என்பார்கள். நான் உட்காருகிறேன். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எழுந்து போக வேண்டியிருக்கிறது. அன்றைக்கு என் இடத்தில் உட்காரும் பெண்ணின் மேல் யாரும் சந்தேகப்படாதபடி மெஷின் கணக்குச் சொல்கிறது. நேர்மையாக வேலை செய்பவர்களுக்கு அது துணை. ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்து, ரத்து செய்த பில்களைத் தினமும் தனியாகப் பாருங்கள்.

15 டிசம்பர்

காங்கேயத்துத் தம்பி கோவைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். மெஷின் இரண்டும் ஜே1900. பிரின்டர் மூன்றில் ஒன்றில் வெள்ளைக் கோடு, துடைத்தும் போகவில்லை. மற்ற இரண்டும் தொடர்ந்து அடித்தும் சிக்கவில்லை. கல்லாப்பெட்டி ஒன்றுக்குத்தான் சாவி. மென்பொருளின் சந்தா பிப்ரவரியில் முடிகிறது. தரகர் நாற்பத்தைந்துக்கு இறங்கியிருக்கிறார்.

நல்ல பிரின்டர் இரண்டு, சாவியுள்ள பெட்டி, டச் மெஷின் ஒன்று மட்டும் எடுங்கள். மற்றதைத் தொடவே வேண்டாம். மொத்தமாகத்தான் தருவேன் என்பார். வண்டியில் ஏறி உட்காருங்கள், கூப்பிடுவார்.

17 டிசம்பர்

விலையை ஒப்பிடும்போது வரியைச் சேர்த்து ஒப்பிடுங்கள். பதிவு பெற்ற வியாபாரி 18 சதவீதம் போட்டு ரசீது தந்தால் அந்த வரி உங்களுக்குத் திரும்பாது. உணவகத்தின் 5 சதவீத முறையில் உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது, காம்போசிஷனிலும் கிடையாது. ஆக இருபதாயிரம் என்றால் இருபத்து மூவாயிரத்து அறுநூறு. அந்தப் பணத்துக்குப் புதிய பிரின்டர் உத்தரவாதத்தோடு வருமா என்று காந்திபுரத்துக் கணினிக் கடைகளில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

22 டிசம்பர்

தரகர் கூப்பிட்டாராம். நான் சொன்ன சாமான்கள் மட்டும் இருபத்தோராயிரத்துக்கு முடிந்திருக்கிறது. அடுக்களைக்கு ஊசி பிரின்டர் ஒன்று திருப்பூரில் தனியாகக் கிடைத்திருக்கிறது. எனக்கு நிறைந்த மகிழ்ச்சி.

5 ஜனவரி 2026

திறப்பதற்கு முன் ஒரு நாள் உறவினர்களை உட்கார வைத்து நிஜமாகவே பரிமாறிப் பாருங்கள். எல்லா மேசையிலும் ஒரே நேரத்தில் ஆர்டர் எடுங்கள். ஒருவர் சொன்னதை மாற்றட்டும், ஒருவர் பாதியைப் பார்சல் கேட்கட்டும், நான்கு பேர் பில்லைப் பிரித்துக் கேட்கட்டும். நடுவில் மெயின் சுவிட்சை அணையுங்கள். யூ.பி.எஸ்ஸில் மெஷின் மட்டும் ஓடி, பிரின்டரும் லேன் பெட்டியும் நின்றுபோனால் பயனில்லை. மூன்றுக்கும் அதிலிருந்தே மின்சாரம் போக வேண்டும். பில் புத்தகமும் கார்பனும் கல்லாவுக்கு அடியில் இருக்கட்டும்.

9 ஜனவரி

பிரின்டருக்கு எந்தப் பேப்பர் ரோல் வாங்குவது என்று தம்பி கேட்டிருக்கிறார். மூன்று அங்குல பிரின்டருக்கு 79 மி.மீ. அகலம். விலையை எண்ணிக்கைக்குக் கேட்காமல் மீட்டருக்குக் கேளுங்கள். நடுக்குழலைப் பெரிதாக்கித் தாளைக் குறைத்துச் சுற்றியிருப்பார்கள். அச்சடித்த பில்லைக் கோப்பில் வைத்தால் நாளடைவில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். கணக்கேடுகளையோ ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே இரவில் கல்லாவை எண்ணி முடித்ததும் அன்றைய தரவைப் பென் டிரைவில் நகல் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பென் டிரைவ் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிப் பயன்படுத்துங்கள்.